கடைசிச் சுற்றில் பேசுவது

எனது வலது பாதத்தின் நடுவில், கணுக்காலுக்குச் சற்று முன்னால், சிறிய எலும்பு ஒன்று இருக்கிறது. அது மூன்றாவது தடவையும் வெடித்தபோது வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிப் பார்த்துவிட்டு, நடக்கலாம், படி ஏறலாம், அவசரத்துக்கு பஸ்ஸைப் பிடிக்க ஓடலாம் என்றார். பந்தயத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மருந்து வாங்கும் வரிசையில் நின்றுகொண்டே கொப்பியை எடுத்து, ஓடுவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும் என்று எழுதத் தொடங்கினேன்.

ஒன்று, இலத்திரனியல் டிப்ளோமா. காலையில் பயிற்சி, மாலையில் வகுப்பு என்று மூன்று வருடங்கள் படித்து முடித்தது. இரண்டு, தமிழும் சிங்களமும் தடங்கலில்லாமல் பேசுவேன். மூன்று, சுற்றுகளைத் தப்பாமல் எண்ணுவேன். நான்கு என்று போட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது மருந்து கொடுப்பவர் என் இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்.

கொட்டகலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். பள்ளிக்கூடத்துக்காக ஓடி, மாகாணத்துக்காக ஓடி, பத்தொன்பது வயதில் கொழும்பில் ஒரு கம்பனியின் மெய்வல்லுநர் அணிக்குப் போனேன். ஐயாயிரம் மீட்டரும் பத்தாயிரம் மீட்டரும் என்னுடைய ஓட்டங்கள். அலுவலகத்தில் எனக்கென்று ஒரு மேசையும் கதிரையும் இருந்தன. ஆனால் வேலை ஓடுவதுதான். ஏழு வருடங்கள் அப்படிப் போயின. பாதம் கைவிட்டதும் கம்பனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கேக் வெட்டி, நல்லபடியாகவே அனுப்பி வைத்தார்கள்.

அதன் பிறகு இரண்டு வேலைகள் எதிரே வந்தன. ஒன்று, ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. அடுத்த மாத முடிவுக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். இயந்திரங்களோடு எனக்குச் சண்டை கிடையாது, நன்றாகவே செய்திருப்பேன். ஆனால் அங்கே போனால் ஓட்டம் என்பது காலைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரியாகிவிடும். மற்றது, தொலைக்காட்சி.

தொலைக்காட்சி வந்த கதை சிறியது. ஒரு தடவை நான் இரண்டாவதாக வந்தபோது, ஓட்டம் எப்படி இருந்தது என்று மைக்கை நீட்டினார்கள். அம்மா அப்பாவுக்கும் பயிற்சியாளருக்கும் நன்றி சொல்வதுதான் வழக்கம். நான் சுற்றுச் சுற்றாக, எந்தச் சுற்றில் எத்தனை செக்கன் எடுத்தேன், எங்கே தோற்றேன் என்று சொல்லி முடித்தேன். அதைத் தயாரிப்பாளர் ஒருவர் ஞாபகம் வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும் அந்தப் பெண்மணிக்குக் கண்ணாடி எப்போதும் தலைமேல்தான் இருக்கும். அவர்களிடம் தமிழில் வர்ணனை செய்ய ஒருவர்தான் இருந்தார். கிரிக்கெட்காரர், நல்ல குரல். பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தையும் அவர் கடைசி ஓவர் போலவே சொல்வதால், நான்காவது சுற்றிலேயே தொண்டை கட்டிவிடும்.

"நீங்க ஓடின கதைய நல்லா சொன்னீங்க," என்றார் தயாரிப்பாளர். "மத்தவங்க ஓடுறத சொல்ல ஏலுமா?"

"ஏலும் மேடம்."

"அவசரப்படாதீங்க. மூணு போட்டி தாறேன். மூணாவது முடிஞ்ச பிறகு நான் ஆமா, இல்ல ரெண்டுல ஒண்ணு சொல்லுவேன். இடையில ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இடையில் நிறையவே சொன்னார்.

முதலாவது போட்டி பெண்களுக்கான ஐயாயிரம் மீட்டர். ஓடுகிறவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். யார் வலப்பக்கம் சாய்ந்து ஓடுவாள், யாருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, யார் முந்துவதற்கு முன்னால் கையை ஒரு தடவை உதறிக்கொள்வாள் என்பதெல்லாம் கொப்பியில் இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, பதினொன்றரைச் சுற்றுகள் ஒழுங்காகச் சொன்னேன். கூடவே உட்கார்ந்திருந்த கிரிக்கெட்காரர்கூட ஒரு தடவை தலையாட்டினார்.

பிறகு கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஓடுகிறவர்களுக்கு இது விளங்கும். மணி அடித்தால் பேச்சில்லை. மூச்சு ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. பற்கள் சேர்ந்துகொள்ளும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், முன்னால் போகிறவளின் தோளைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இருக்காது. நான் கதிரையில் உட்கார்ந்தபடி அதையெல்லாம் செய்துகொண்டிருந்தேன். காதுக்குள் ஒலிப்பொறுப்பாளர், "கதா கரன்ன நங்கி, கதா கரன்ன," என்று கெஞ்சினார். பேசு தங்கச்சி, பேசு. அவர் குரல் மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து கேட்பதுபோல் இருந்தது. கிரிக்கெட்காரர் இது ஏதோ திட்டம் என்று நினைத்து மரியாதையாகச் சும்மா இருந்துவிட்டார். ஒரு முழுச் சுற்று. ஒரு நிமிடத்துக்கும் மேல். நாடு முழுக்கத் தமிழில் ஒரு சொல் இல்லை. முதலாவது ஆள் கோட்டைத் தாண்டிய பிறகு நான் மூச்சை விட்டேன். அது மட்டும் ஒலிபரப்பாகியது.

வெளியே வந்ததும் தயாரிப்பாளர் கேட்டார். "ஓட்டம் இங்கதான் நடந்திச்சு. நீங்க எங்க போனீங்க?"

"ஓடிக்கிட்டிருந்தேன் மேடம்."

"எத்தனையாவதா வந்தீங்க?"

"ரெண்டாவது," என்றேன். யோசிக்காமலே வந்துவிட்டது. கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

இரண்டாவது போட்டிக்கு முன்னால், இலத்திரனியல் படித்தவள் செய்வதைச் செய்தேன். கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. கடைசிச் சுற்றில் வாய் நின்றுபோகிறது. ஆகவே அந்த இடத்துக்கு மாற்றுப் பாகம் ஒன்று செய்து வைக்கவேண்டும். நானூறு மீட்டரை எட்டாகப் பிரித்தேன். ஐம்பது மீட்டருக்கு ஒரு வாக்கியம் என்று எட்டு வாக்கியங்களை எழுதி மனப்பாடம் செய்தேன். மணி அடித்ததும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். எட்டும் பிசகில்லாமல் வந்தன. நான் வெளியே வந்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தயாரிப்பாளர் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். "சத்தம் இருந்திச்சு. நல்லது. ஆனா இன்னைக்கு நீங்க சொன்னது போன மாசத்து ஓட்டத்துக்கும் பொருந்தும், அடுத்த மாசத்து ஓட்டத்துக்கும் பொருந்தும். இன்னைக்கு ஓடினவங்களுக்கு மட்டும் பொருந்தேல்ல."

இன்னும் ஒரு போட்டி பாக்கி. அது மூன்று கிழமை கழித்து. தொழிற்சாலைக்குப் பதில் சொல்லவேண்டிய நாள் அதற்கு அடுத்த நாள். இரண்டையும் கொப்பியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, ரயிலேறி வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் லயத்து வரிசை வீட்டில் அம்மாவுக்கு மலையில் வேலை, அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில். வந்த மறுநாள் காலை, பத்து மணித் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு அம்மா கொழுந்து பறிக்கும் மலைக்குப் போனேன். பெண்கள் ஆளுக்கொரு நிரையில் இடுப்பளவு செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். என்னை முதலில் கண்டது சுவரை ஒட்டிய அடுத்த காம்பிராவில் இருக்கும் சித்தி. உறவில்லை, சிறு வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

"வந்துட்டாங்கடி டிவிக்காரம்மா," என்றார் சித்தி, கையை நிறுத்தாமல். பிறகு குரலை மாற்றி, நான் பேசுவதுபோலவே சொன்னார்: "அருமையான ஓட்டம், அருமையான ஓட்டம்."

"அஞ்சு தடவ சொன்னா. நான் எண்ணுனேன்," என்றார் பக்கத்து நிரையில் நின்ற மேட்டு லயத்து அக்கா.

"எல்லாரும் பாத்தீங்களா?"

"எதவச்சுப் பாக்குறது? கை ரெண்டும் கொழுந்துல கெடக்கு. கண்ண எடுத்தா முத்தல் எலையும் சேந்து வந்துரும், அப்புறம் கங்காணி பாட்டுப் பாடுவாரு." சித்தி தலைத்துணியின் மடிப்பைத் தட்டிக் காட்டினார். அதற்குள் கைப்பேசி இருந்தது. மலையின் அந்தப் பக்கத்தில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். "காது மட்டுந்தான் சும்மா இருந்துச்சு. அதக் குடுத்தோம். நீ என்னா பண்ணுன? கடைசி வரைக்கும் யாரு முன்னாடி போறான்னே தெரியல."

"மஞ்சச் சட்டைப் புள்ள பத்து மீட்டர் முன்னாடின்னு சொன்னேனே சித்தி."

"பத்து மீட்டர்னா எத்தன செடி?"

செடிக்குச் செடி இரண்டடி. மனதுக்குள் கணக்குப் போட்டேன். "பதினாறு."

"அடி ஆத்தி, பதினாறு செடியா? அப்ப பின்னாடி வந்தவ எங்கிட்டுப் புடிக்கப்போறா? அத மொதல்லயே சொல்லியிருந்தா நான் நிம்மதியாக் கொழுந்தெடுத்திருப்பேன்ல. ஒங்கம்மா வேற, புடிச்சிருவாளா புடிச்சிருவாளான்னு என் உசுர வாங்குனா."

அம்மா குனிந்து கொழுந்தையே பறித்தார். மகளை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, சித்தி சொல்வது பொய்யென்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த நேரம் கீழ்ப்பாதையில், வேலையை மேற்பார்க்கும் கங்காணி வந்தார். சித்தி தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டார். எல்லாக் கைகளும் வேகமாகின.

"மறைக்காதீங்க, எனக்குத் தெரியும்," என்றார் கங்காணி. "நானும் அந்த முடுக்குல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பாப்பா, ரெண்டாவதா வந்தது யாரு?"

"செவப்புச் சட்ட போட்ட புள்ளதாங்க ஐயா."

"அத ஏன் சொல்லல?"

"சொன்னேங்க."

"எப்ப?"

சொன்னேன் என்று உறுதியாக நம்பியிருந்தேன். அவர் மேல்நிரைகளைப் பார்க்கப் போன பிறகு, சித்தியின் கைப்பேசியில் அந்த ஒளிபரப்பைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நிரையில் இறங்கினேன்.

"வேணாம்டி, நீ எடுத்தா செடி அழுவும்," என்றார் அம்மா.

"எடுக்கலம்மா, கேக்கத்தான் போறேன். ஆனா கையில வேலை இருக்கணும்."

கண்ணைச் செடியில் வைத்துக்கொண்டு, தளிர் எது முத்தல் எது என்று தேடிக்கொண்டே என் குரலைக் கேட்டேன். அந்தப் பெண் நன்றாகப் பேசினாள். சொற்கள் தெளிவாக இருந்தன. அருமையான ஓட்டம் என்றாள். இதோ வேகமெடுக்கிறார் என்றாள். யார் என்று சொல்லவில்லை. உற்சாகம் கரைபுரள்கிறது என்றாள். எங்கே என்று தெரியவில்லை. மணி அடித்தது. எட்டு வாக்கியங்களும் வந்தன. அந்த ஓட்டத்தை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சுற்றும் எனக்குத் தெரியும். இருந்தும் அந்தச் செடிகளுக்கு நடுவில் நின்றபோது யார் எங்கே ஓடுகிறார்கள் என்று எனக்கே விளங்கவில்லை.

என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்கவேண்டும். அம்மாவைச் சிரிக்கவைக்கவோ என்னைச் சீண்டவோ, சித்தி தன் பாட்டுக்கு ஆரம்பித்தார்.

"இப்ப மலையில என்னா நடக்குதுன்னா, நம்ம டிவிக்காரம்மாவோட அம்மா ஏழாவது செடியில இருக்காங்க. அவங்களுக்கு ரெண்டு செடி பின்னாடி நானு. என் கை வேகமாத்தான் போகுது, ஆனா இடுப்புல கட்டுன படங்குச் சாக்கு அவுந்து அவுந்து விழுகுது, அதனால பிந்துறேன். மேட்டு லயத்தா முன்னாடி போயிட்டா, பதினோராவது செடி. ஆனா திரும்பிப் பாருங்க, பாதிக் கொழுந்த செடியிலேயே விட்டுட்டுப் போறா. கங்காணி பாத்தா திருப்பி அனுப்புவாரு. கடைசில யாரு? டிவிக்காரம்மா. இன்னும் மொதச் செடியிலயே நின்னு எலயோட பேசிக்கிட்டிருக்கா."

"ஏய், நான் எங்கடி விட்டேன்?" என்று மேட்டு லயத்து அக்கா திரும்பினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துக்கொண்டே ஒன்றைக் கவனித்தேன். நான் தலையை நிமிர்த்தவே இல்லை. மலை முழுவதும் எனக்குத் தெரிந்தது. யார் எங்கே, எவ்வளவு தூரம், ஏன் பிந்துகிறாள், முந்துகிறவள் முந்தியே இருப்பாளா என்பது வரை.

அன்று பின்னேரம் கொப்பியில் எழுதியது அறிவுரை அல்ல, அவர்கள் கேட்ட கேள்விகள். யாரு முன்னாடி? எத்தன செடி? பிடிச்சிருவாளா? பிடிக்கமாட்டான்னு எப்படித் தெரியும்? அவ மூஞ்சி எப்படி இருக்கு? இந்தக் கடைசிக் கேள்வி அம்மாவுடையது. வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகக் கேட்டார்.

அடுத்த நாளிலிருந்து வீட்டுக்குள் பரிசோதனை. அம்மா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து ரொட்டி தட்டுவார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் பழைய ஓட்டங்களைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு வர்ணனை சொல்வேன். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை நிறுத்தி, "இப்ப யாரு எங்க இருக்காங்க?" என்று கேட்பேன். அம்மா சரியாகச் சொன்னால் எனக்கு ஒரு புள்ளி. முதல் நாள் பத்துக்கு மூன்று.

"நீ பாஸா, நான் பாஸாடி?" என்றார் அம்மா.

"நீங்க பாஸானாத்தான் நான் பாஸு."

"நல்ல பள்ளிக்கொடம். ரொட்டி கருகுது, நகரு."

மூன்றாவது நாள் ஏழு புள்ளி. ஆனால் மணி அடித்தால் இன்னமும் நின்றுவிட்டேன். சொல்லிக்கொண்டே வந்து, கடைசிச் சுற்றில் சொற்கள் குறைந்து, பிறகு ஒன்றுமில்லை. "என்னா, கரண்டு போயிருச்சா?" என்பார் அம்மா, திரும்பாமல்.

கோளாறு எங்கே என்று மறுபடியும் தேடினேன். இந்தத் தடவை என் வாயை விட்டுவிட்டு என் கண்ணைக் கவனித்தேன். அப்போதுதான் தெரிந்தது. மணி அடித்ததும் என் கண் இரண்டாவதாக ஓடுகிறவளிடம் போய்விடுகிறது. முன்னால் போகிறவளின் வலது தோளுக்குப் பின்னால், அரை அடி வெளியே. ஏழு வருடங்கள் நான் ஓடிய இடம் அது. கண் அங்கே போய் நின்றதும் நான் அவளுக்குள் போய்விடுகிறேன். பிறகு எங்கிருந்து பேசுவது?

ஓடுகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது பின்னால் திரும்பிப் பார்க்காதே என்பதுதான். ஒரு தடவை திரும்பினால் ஒரு அடி போய்விடும். அந்தப் பழக்கம் கதிரையிலும் என் கழுத்தைப் பிடித்துவைத்திருந்தது. நான் பின்னால் இருந்து தொடங்கிப் பார்த்தேன். மணி அடித்ததும் முதலில் கடைசியாக வருகிறவள். பிறகு அவளுக்கு முன்னால் இருப்பவள். அப்படியே ஒவ்வொருவராக முன்னோக்கி வந்து, கடைசியில்தான் முதலாவது ஆள். கண் ஓடிக்கொண்டே இருந்தால் எவளுக்குள்ளும் குடியேற நேரமில்லை. முதல் தடவை செய்தபோது உடம்பே வேண்டாம் என்றது; வாகனத்தைப் பின்பக்கமாக ஓட்டுவதுபோல் இருந்தது. ஐந்தாவது தடவை மணியிலிருந்து கோடு வரை நிறுத்தாமல் சொன்னேன்.

அம்மா மாவுக் கையோடு திரும்பினார். "அந்தக் கடேசிப் புள்ள முடிச்சுச்சா?"

"முடிச்சுதும்மா."

"பாவம்," என்றுவிட்டு அடுத்த ரொட்டியைத் தட்டினார்.

மூன்றாவது போட்டி பத்தாயிரம் மீட்டர். இருபத்தைந்து சுற்றுகள். தயாரிப்பாளர் வேண்டுமென்றே அதைத்தான் எனக்குத் தந்தார் என்று நினைக்கிறேன். நீண்ட ஓட்டம், பாதிக்கு மேல் ஒன்றுமே நடப்பதுபோல் தெரியாது. அதற்கு மேல், வேகமானவர்கள் மெதுவானவர்களை ஒரு சுற்று முந்திவிட்டால், திரையில் முன்னால் தெரிகிறவள் உண்மையில் கடைசி ஆளாக இருப்பாள். கிரிக்கெட்காரருக்கு அன்று காய்ச்சல். கூண்டுக்குள் நான் தனி.

ஓடிய பதினான்கு பேரில் ஒருத்தி என்னோடு ஒரே அறையில் நான்கு வருடங்கள் இருந்தவள். மற்றொருத்தி என்னை எப்போதும் தோற்கடித்தவள். கொப்பியில் அவர்களைப் பற்றி ஒன்றும் எழுதிக்கொண்டு போகவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, அந்த வரியில் சுற்றுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். வாயால் சொல்லிக்கொண்டே கையால் கோடு போட்டேன். யார் முன்னால், எத்தனை மீட்டர், அது எத்தனை செடி. செடியைச் சொல்லவேண்டும் என்று திட்டமிடவில்லை. ஆறாவது சுற்றில், "இருவருக்கும் இடையே இரண்டு மீட்டர், மூன்று தேயிலைச் செடி இடைவெளி," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. காதுக்குள் யாரும் ஒன்றும் சொல்லாததால் அப்படியே தொடர்ந்தேன்.

பத்தொன்பதாவது சுற்றில் தவறு செய்தேன். நீலச் சட்டைப் பெண் நான்காவது இடத்தில் இருக்கிறார் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். கொப்பியைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு கோடு குறைவாக இருந்தது. அவள் ஒரு சுற்று பின்னால். பேசாமல் விட்டிருந்தால் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் கை நிறையக் கொழுந்தோடு யாரோ அவளை நான்காவதாக வைத்துக்கொண்டு நிற்பார்கள். "மன்னிக்கவும்," என்றேன். "நான் பிழையாக எண்ணிவிட்டேன். நீலச் சட்டைக்காரர் ஒரு சுற்று பின்னால் இருக்கிறார். நான்காவது ஆள் அவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு ஓடுகிறவர்." பிறகு அந்த நீலச் சட்டைப் பெண் ஏன் பின்னால் இருக்கிறாள் என்பதையும் சொன்னேன். இடது பக்கத்து விலாவை அவள் கையால் அழுத்திக்கொண்டு ஓடினாள், அது தெரிந்தது.

மணி அடித்தது.

நீலச் சட்டையிலிருந்து தொடங்கினேன். பதின்மூன்றாவது ஆள், பன்னிரண்டாவது ஆள். என் பழைய அறைத்தோழி ஆறாவது. அவள் கை உதறலைக் கண்டதும் முந்தப்போகிறாள் என்று சொன்னேன், முந்தினாள். வெள்ளைச் சட்டை மூன்றாவது ஆளுக்கு ஐந்து செடி பின்னால். முகம் இறுகவில்லை, இன்னும் பலம் இருக்கிறது. இரண்டாவது ஆளிடம் வந்தபோது கண் அங்கேயே நிற்கப் பார்த்தது. அவளை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு முதலாவது ஆளுக்குப் போனேன். அங்கிருந்து மறுபடி பின்னால். கோடு வரை மூன்று தடவை போய் வந்திருப்பேன். முதலாவது ஆள் தாண்டினாள். வெள்ளைச் சட்டை கடைசி இருபது மீட்டரில் மூன்றாவது ஆனாள். முதலாவது ஆள் முடித்த பிறகும் நான் நிறுத்தவில்லை. நீலச் சட்டை மீதியிருந்த சுற்றையும் ஓடி முடித்தாள் என்று சொல்லிவிட்டுத்தான் மைக்கை அணைத்தேன்.

பிறகு சிறிது நேரம் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். வாய் காய்ந்திருந்தது. கால்கள் அமைதியாக இருந்தன. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. எந்த ஓட்டத்தைப் பார்த்தாலும் தொடை ஒரு தடவையாவது துடிக்கும், இன்று ஒன்றுமில்லை. யாரோ வீட்டைவிட்டுப் போய்விட்டதுபோல் ஒரு கணம் நெஞ்சு வெறுமையானது. அதே கணத்தில் இன்னொன்றும் புரிந்தது. இத்தனை வருடங்களில் நான் பார்த்த ஓட்டமெல்லாம் ஒரு முதுகும் ஒரு தோளும்தான். பதினான்கு பேர் ஓடுகிற ஒரு ஓட்டத்தை முழுதாக நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தயாரிப்பாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"மூணு தேயிலைச் செடியா?" என்றார்.

"ரெண்டு மீட்டர் மேடம். அதயும் சொன்னேன்."

"கொழும்பில யாருக்கு அது விளங்கும்?"

"மலையில விளங்கும்."

யோசித்தார். "சரி. ரெண்டையும் சொல்லுங்க, எப்பவும் ரெண்டையும். அந்தப் பிழைய நீங்களே திருத்தினதும் நல்லா இருந்திச்சு. ஆனா அத பழக்கமாக்க வேணாம்." கதவுவரை போய்த் திரும்பினார். "ஆமா."

"என்ன மேடம்?"

"மூணாவது முடிஞ்ச பிறகு ஒண்ணு சொல்லுவேன்னு சொன்னேனே. அதுதான். ஒரு வருஷம். திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்க. அடுத்தது தேசியப் போட்டி, எல்லாம் உங்களுக்குத்தான். பாய்தல், எறிதல், எல்லாம்."

பாய்தலும் எறிதலும் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆடைத் தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்து, நன்றி சொல்லி, வேலையை வேண்டாம் என்றேன். வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அம்மாவுக்குச் சொன்னபோது, "மாசாமாசம் வீட்டுக்கு வருவியா?" என்று மட்டும் கேட்டார். பின்னால் சித்தியின் குரல், "அடுத்த தடவ சாயங்காலமா வைக்கச் சொல்லு, நாங்க ஒக்காந்து பாக்குறோம்," என்றது.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகப் பயிற்சி மைதானத்துக்குப் போனேன். ஓடுபாதையைத் தாண்டி, நான் ஒரு நாளும் நின்று பார்க்காத மூலைக்கு. அங்கே குண்டு போடுகிற ஒரு பெண் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். என் பழைய கம்பனியின் அணிதான். ஏழு வருடங்களில் நாங்கள் பேசியது பத்து வார்த்தை இருக்காது. கொப்பியைத் திறந்து, குண்டை விடுவதற்கு முன்னால் வலது காலை ஏன் அப்படித் திருப்புகிறாய் என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஓடுறவள்தானே? உனக்கு இது எதுக்கு?"

"இப்ப ஓடுறதில்ல," என்றேன்.

பல மாதங்களாக அந்தப் பதிலைச் சொல்லாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் கேட்பவர்களிடம், கோயிலில் கேட்பவர்களிடம், சும்மா சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்று அது சாதாரணமாக, நேரம் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் வந்தது.

அவள் குண்டைக் கழுத்தோரம் வைத்துக்கொண்டு, "அப்ப இந்தப் பக்கம் வந்து நில்லு, அங்க நின்னா தலையில விழும்," என்றாள். நான் இடம் மாறி நின்றேன். அவள் முதலில் முழங்காலை மடித்து, பிறகு பாதத்தை, பிறகு இடுப்பை, எனக்காக மிக மெதுவாகத் திருப்பிக் காட்டினாள். நான் எழுதிக்கொண்டேன்.